ஜெனீவாவில் நான் குடிக்காத கோப்பி

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பதில்லை. விரதம் ஒன்றுமில்லை. வடமராட்சியில் எங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு நான் தவிசாளர். பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருந்தால் மருமகளோடு கொளுவல் வரும் என்று இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டேன். ஞாயிறு காலை பள்ளி மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவோம். வேலியை அரக்கிப் பக்கத்துக் காணியைப் பிடித்தவர், கிணற்றுப் பங்குக்கு அடிபட்டவர், ஆட்டைப் பிடித்துக் கட்டினவர், ஆட்டுக்குச் சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள். ஒரு தரப்பின் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் போதும், மற்றத் தரப்பு "ரீச்சர் அவையின்ர ஆள்" என்று சொல்லிவிடும். ஆகவே குடிப்பதில்லை.

கதிரையில் உட்காருமுன் இரண்டு தரப்பையும் பார்த்து, "எங்களை உங்களுக்குச் சம்மதமோ?" என்று கேட்போம். எங்களில் ஒருவருக்கு ஒரு தரப்போடு சொந்தமோ பழைய கோபமோ இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் வேண்டாம் என்றால் எழும்பிப் போவோம், அதில் வெட்கமில்லை. இணக்கம் வராவிட்டால் காரணத்தை எழுதிக் கொடுப்போம். முக்கால்வாசி நேரம் நான் எழுதுவது ஒரே வரிதான்: எதிர்த்தரப்பு சமூகமளிக்கவில்லை, அதாவது ஆள் வரவில்லை.

இந்தப் பழக்கவழக்கங்களையும் கட்டிக்கொண்டு நான் சுவிஸுக்குப் போனேன். வினை அங்கேயே தொடங்கிவிட்டது.

அழைத்தது ஜெனீவாவில் ஒரு சமாதான நிறுவனம். அரபு-இஸ்ரேல் பேச்சுவார்த்தைகளில் வெளிநாடுகளின் பங்கு பற்றி மூன்று நாள் கூட்டம். சாதாரண ஆட்களை இரண்டு பக்கத்திலிருந்தும் கூட்டிவந்து ஒவ்வொரு அறையில் இருத்தி, நடுவில் வேறு நாட்டு ஊர் மத்தியஸ்தர் ஒருவரை வைத்து, கடைசி நாளில் ஒவ்வோர் அறையும் ஓர் அறிக்கை வாசிக்க வேண்டுமாம். ஆட்டு வழக்குப் பார்க்கிற எனக்கு இது எதற்கு என்று மருமகள் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டபடியால்தான் போனேன்.

முதலில் டீட்டிகோனில் தங்கச்சி சாந்தி வீடு. சூரிச்சுக்குப் பக்கத்துச் சின்ன நகரம். தங்கச்சியின் புருஷன் குகன் அங்கே ஒரு பெரிய பொதிக் கிடங்கில் வேலை. வீட்டுக்குள் கால் வைத்ததும் நண்டுக் குழம்பு மணத்தது. பிளேனில் தந்த சாப்பாட்டை நினைத்து அழுதுகொண்டு வந்தவள் நான், கைகழுவ முதலே சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவிட்டேன்.

அந்தக் கட்டடத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் நிலக்கீழில் ஒரே சலவை அறை. எந்த வீடு எந்த நாள் தோய்க்கலாம் என்று கதவில் அட்டவணை. சாந்தி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டின் திறப்பைக் காட்டியபோது கோவிலில் மூலஸ்தானத்தைக் காட்டுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினாள். தன் நாளில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு துவாயைக் காயப்போட்டுவிட்டாவாம், இன்றைக்கும் இரண்டு பேரும் கதைப்பதில்லையாம். இந்த வழக்கை நான் எடுத்துத் தீர்த்துவிட்டுப் போகவோ என்று கேட்டேன். "நீ என்ர நண்டு சாப்பிட்டிட்டாய் அக்கா, உன்னை அவ ஏற்க மாட்டா" என்றாள். எனக்கே என் சட்டத்தைப் படிப்பிக்கிறாள். சிரிப்பு வந்தாலும் வாயை மூடிக்கொண்டேன்.

வெளிக்கிடும்போது புட்டும் முட்டைப் பொரியலும் கட்டித் தந்தாள். குகன் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு, ஜெனீவாவில் தன் சிநேகிதன் ஜீவன் வந்து நிற்பான் என்றார். ஜீவன் மட்டக்களப்புப் பெடியன், பெடியன் என்றாலும் ஐம்பது வயது, நான் கூட்டத்துக்குப் போகிற ஹோட்டலின் குசினியிலேயே சமையல் வேலை.

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் சாந்தி போன் எடுத்தாள். இருந்திட்டியோ, யன்னலோரமோ, புட்டுப் பார்சல் பத்திரமோ என்று கேட்க, நான் பதில் சொல்ல, முன்னால் இருந்த கிழவர் ஒருவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். நான் அவருக்கும் தலையாட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன். அவர் யன்னலில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். அந்தப் பெட்டியில் கதைக்கவே கூடாதாம். யாழ்தேவியில் வடை விற்கிறவரும் கடவுளைப் பாடுகிறவரும் சத்தம் போட்டுப்போக, சீட்டுக்கு அடிபடுகிற சனத்தின் நடுவில் வளர்ந்தவள் நான். ஒரு நாட்டில் வாய் திறக்க வேறு பெட்டி, மூட வேறு பெட்டி என்றால் யாருக்குத் தெரியும்? கோபத்தோடு எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய் அங்கே சத்தமாகவே கதைத்தேன்.

ஃப்ரிபூர்க் தாண்டி, அறிவிப்பில் ஜெர்மன் பின்னுக்குப் போய் பிரெஞ்சு முன்னுக்கு வந்தபோதுதான் புட்டு நினைவு வந்தது. பார்சல் பழைய பெட்டியில். ஓடிப்போனேன். அந்தக் கிழவர் பார்சலைத் தன் மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இடையில் ஏறின யாரோ அதைத் தள்ளிவைக்கப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சொல் பேசவில்லை, எடுத்து நீட்டினார். நானும் ஒரு சொல் பேசாமல் கும்பிட்டேன். அந்தப் பெட்டியின் சட்டத்தை நான் மதித்தது அந்த ஒரு முறைதான்.

ஜெனீவாவில் ஜீவன் என்னைக் கண்டதும் பையைப் பறித்துக்கொண்டார். ட்ராமில் ஏற்றி முதலில் ஐ.நா. வாசலுக்குத்தான் கூட்டிப்போனார். அங்கே ஒரு கால் முறிந்த கதிரை, பனையளவு உயரம். அதன் கீழே, போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் எத்தனை பனியில் நின்று கத்தியிருக்கிறது என்று சொன்னார். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றவர்கள், இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்து நின்றவர்கள். உள்ளே யாரும் யன்னலைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்டேன்.

"யன்னல் திறக்கிறது இல்ல ரீச்சர். உள்ளுக்கு ஏசி" என்றார் ஜீவன்.

மறுநாள் காலை ஹோட்டலில் எங்களுக்கென்று ஒதுக்கிய அறைக்குப் போனேன். ஏரி தெரிகிற நல்ல அறை. கூட்டத்தை நடத்துகிற உர்சுலா என்கிற பெண் என்னை அறிமுகப்படுத்தினாள். ஒல்லி, நல்ல மனம், எதற்கும் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். அறையில் எனக்கு இரண்டு தரப்பு. ஒன்று சமீரா, ஹெப்ரோனுக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் மருத்துவத்தாதி, ஊர்ச்சபை உறுப்பினர். மற்றவர் யோராம், ஹைஃபாவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், போரில் மகனைப் பறிகொடுத்தவர். மூலையில் கோட்டும் டையுமாக ஒரு பழைய ராஜதந்திரி, பெரிய நாடொன்றின் ஆள். எந்த நாடு என்று எழுதி அவருக்குப் பெருமை தேடித்தர மாட்டேன். அவர் ஆலோசகராம். அவர்கள் எல்லாரும் பேசியது ஆங்கிலம், என் காதுக்குள் போனதும் அது யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

சமீரா ஊரிலிருந்து கொண்டுவந்த கோப்பித்தூளில் போட்ட ஏலக்காய்க் கோப்பியை ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றி நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். யோராம் தன் தங்கச்சியின் தோட்டத்துப் பேரீச்சம்பழத்தைப் பெட்டியோடு நீட்டினார். அதையும் வேண்டாம் என்றேன். இரண்டு பேரின் முகமும் கறுத்துப்போனது. அவர்கள் ஊர்களில் உபசாரத்தை மறுப்பது செருப்பால் அடிக்கிற மாதிரி என்று எனக்கு எப்படித் தெரியும்? சமீரா யோராமைப் பார்த்து, இந்த அம்மா கொஞ்சம் மரியாதை தெரியாதவ போல என்றாள். யோராம் ஓம் என்று தலையாட்டினார். அந்த அறையில் இரண்டு தரப்பும் முதன்முதலில் உடன்பட்ட விசயம் அதுதான்.

பிறகு விளக்கினேன். தீர்க்கிற வரைக்கும் தரப்புகளின் கையால் ஒன்றும் வாங்குவதில்லை என்று. யோராம் வயிறு குலுங்கச் சிரித்தார். தங்களுக்குச் சமாதானம் பேச வந்த ஒரு பெரிய ஆளும் இதுவரை விருந்தை மறுத்ததில்லையாம்.

அடுத்து என் வழக்கப்படி, என்னை உங்களுக்குச் சம்மதமோ என்று கேட்டேன். இரண்டு பேரும் முழித்தார்கள். இதை யாரும் தங்களிடம் கேட்டதில்லை என்றாள் சமீரா. கேட்டுவிட்டேன் அல்லவா, இனி மறைக்கவும் ஏலாது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். எங்கள் இயக்கப் பெடியளில் ஆரம்ப காலத்தில் லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீனர்களிடம் பயிற்சி எடுத்தவர்கள் இருந்தார்கள். அது ஒரு பக்கத்து உறவு. மற்றப் பக்கத்தோடு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு மேலே வந்து குண்டு போட்ட பிளேனுக்குப் பெயர் கிபீர். எங்கள் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரியுமுன் அந்தச் சத்தம் தெரியும். எங்கள் வீட்டு ஒழுங்கையில் என்னிடம் படித்த ஒரு பிள்ளை அதில் செத்தது. எங்கள் அரசாங்கம் அதை வாங்கிய இடம் இஸ்ரேல்.

யோராம் பேரீச்சம்பழப் பெட்டியை மூடிவைத்தார். ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேருக்கு எங்கட பாஷையில சிங்கக்குட்டி எண்டு அர்த்தம்" என்றார் பிறகு.

"எங்கட தலைக்கு மேல வரேக்குள்ள ஒருத்தரும் அர்த்தம் சொல்லேல்லை" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிற ஆட்களைத் தான் நிறையப் பார்த்துவிட்டாராம், சொல்லிவிட்டு இருக்கிற ஆள் தனக்குச் சம்மதமாம். சமீராவும் ஓம் என்றாள். நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பிறகு மூலையைப் பார்த்து, ஆலோசகரும் தன் பக்கத்தைச் சொன்னால் நல்லது என்றேன். அவர் அழகாகச் சிரித்தார். தான் இங்கே தனிப்பட்ட முறையில் வந்திருக்கிறாராம். அவர் நாடு யாருக்காவது ஆயுதம் கொடுக்கிறதா என்றேன். அது வேறு துறையாம். எங்கள் சபையில் ஆட்டைப் பிடித்துக் கட்டினவர்கூட இவ்வளவு துணிவாகக் கதைத்ததில்லை.

அன்று பின்னேரம் சமீரா தன் வழக்கைச் சொன்னாள். அவள் ஊரில் ஒலிவ் தோட்டத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே, குடியேற வந்த இஸ்ரேலியருக்கு மட்டுமான தெரு போகிறது. காஸாவில் அவளுடைய பெரியம்மா குடும்பம் எங்கே இருக்கிறது என்று மாதக்கணக்காகத் தெரியாது. இப்படியான கூட்டத்துக்கு ஊரிலிருந்து முன்பும் ஆட்கள் போயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது வெளிநாடுகளுக்கு நன்றி சொல்லுகிற ஒரு தாளோடு வருவார்கள், அடியில் தங்கள் பெயரோடு. இந்த முறை அவள் புறப்பட்டபோது ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று சொல்லியனுப்பினார்களாம், இன்னொரு நன்றித் தாளோடு வந்தால் எங்கள் வீட்டுப் படி ஏறாதே என்று. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வசனம். ஆயுதம் கொடுக்கிறவன் சமாதானத்துக்கு நடுவில் இருக்கக்கூடாது என்கிற வசனம். அது இல்லாமல் அவள் எந்த முகத்தோடு தாதியாய்ப் பிள்ளைகளைப் பார்க்க அந்த வீடுகளுக்குள் போவாள்?

இரண்டாம் நாள் காலை ஆலோசகர் படம் போட்டு வரலாறு சொன்னார். இதே ஜெனீவாவில், அரைநூற்றாண்டுக்கு முன் நடந்த அரபு-இஸ்ரேல் மாநாட்டைப் பற்றி மிகவும் உருகினார். அன்றைக்கு மேசைகளை எப்படிப் போடுவது என்பதற்கே பெரிய சண்டை, சிரியாவின் மேசை வெறுமையாகக் கிடந்தது, இருந்தும் எல்லாரையும் ஓர் இடத்துக்குக் கொண்டுவந்தது இரண்டு வல்லரசுகளின் சாதனை என்றார். நான் பூகோளமும் சரித்திரமும் படிப்பித்தவள், கையைத் தூக்கினேன். அந்த இரண்டு வல்லரசும்தானே கூட்டுத் தவிசாளர்கள்? ஒருவர் இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்தவர், மற்றவர் எகிப்துக்கும் சிரியாவுக்கும் கொடுத்தவர். பாலஸ்தீனருக்கு அழைப்பே இல்லை. ஓரிரு நாளில் கலைந்த அந்த மாநாடு பிறகு கூடவும் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு சண்டைக்காரருக்கும் கத்தி விற்றவர்கள் தவிசாளர் கதிரையில் இருந்தால் சனம் கல்லெறியும் என்றேன்.

ஆலோசகர் அதற்கும் சிரித்தார். மாட்ரிட், ஒஸ்லோ, காம்ப் டேவிட் என்று பிறகு பேச்சு நடந்த இடங்களின் பட்டியலை வாசித்தார். எகிப்தோடு சமாதானம் வந்தது வெளி உதவியால்தான், அதை மறக்கக்கூடாது என்றார். அதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் சமீராவின் ஊருக்கு அது வரவில்லை, யோராமின் மகனுக்கும் வரவில்லை. அதையும் சேர்த்துத்தானே சாதனை என்று சொல்ல வேண்டும்?

அவர் படத்தை மூடியபின் வசனத்தை எடுத்தோம். சமீரா எழுதினது: இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுக்கும் நாடு சமாதானக் கதிரையில் இருக்கக்கூடாது. யோராம் மேசையில் அடித்தார். அப்படியென்றால் எங்கள் வீட்டுக் கூரையில் விழுகிற ரொக்கெட்டைக் கொடுக்கிற நாடு? அந்த நாடு இருக்கலாமோ? சமீரா எழும்பிவிட்டாள். கூரையும் தோட்டமும் ஒன்றோ, பிணங்களை எண்ணிப் பார் என்றாள். யோராம், என் மகனை எந்தப் பக்கத்தில் எண்ணுவாய் என்றார்.

நான் எங்கள் சபையில் செய்கிறதையே செய்தேன். சமீராவின் குறையை யோராம் தன் வாயால் சொல்ல வேண்டும், சமீரா ஓம், அதுதான் என்கிற வரைக்கும். பிறகு மறுவளம், யோராமின் குறையைச் சமீரா. வேலி வழக்கில் இது கால்மணி நேரத்தில் முடியும், இங்கே மத்தியானம் தாண்டிவிட்டது. யோராம் ஒலிவ் தோட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது இரண்டுமுறை பிழையாகச் சொன்னார், மூன்றாவது முறை சமீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓம் என்றாள். அவள் யோராமின் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், போதும், ஓம், போதும் என்று அவர் கையைப் பிசைந்தார். கடைசியில் வசனத்தின் முன்பாதி யோராமின் சொல், பின்பாதி சமீராவின் சொல்: எந்தப் பக்கத்துக்கானாலும் ஆயுதம் கொடுக்கிற நாடு, சமாதானக் கதிரையில் இருக்கக்கூடாது.

இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். உர்சுலாவுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. ஆலோசகர் எழும்பி வெளியே போய் யாருக்கோ போன் எடுத்தார்.

அன்று மாலை ஏரிக்கரையில் அவர் செலவில் எல்லாருக்கும் விருந்து. சட்டியில் பாற்கட்டியை உருக்கி வைத்து, பாண் துண்டைக் கம்பியில் குத்தித் தோய்த்துச் சாப்பிடுவார்களாம். எனக்கு ஆசை இல்லாமலில்லை. ஆனால் இப்போது இந்த ஆலோசகரும் ஒரு தரப்பு என்று எனக்குப் பட்டுவிட்டது, போகவில்லை. ஜீவன் குசினி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த சாந்தியின் புட்டைப் பின்னால் கொண்டுபோய்ச் சூடாக்கித் தந்தார், தன் சம்பலையும் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே எங்கள் கதைக்கு வந்தோம். எங்களுக்கும் மத்தியஸ்தத்துக்கு நோர்வே வந்தது, எங்களுக்கும் ஜெனீவாவில் மேசை போட்டார்கள். அந்த நாட்களில் ஜீவன் டிவிக்கு முன்னால் இரவும் பகலும் இருந்தாராம், கைகுலுக்குகிற ஒவ்வொரு படத்தையும் வெட்டி ஒட்டினாராம். அந்தப் பேச்சு முறிந்தது மத்தியஸ்தராலேயே என்று பழிபோட நான் ஆளில்லை, எங்கள் இரண்டு பக்கமும் செய்த வேலை கொஞ்சமா? ஆனால் ஜீவன் சொன்ன ஒன்று மனதில் நின்றுவிட்டது.

"முறிஞ்ச உடன அவங்க பிளேன்ல போயிட்டாங்க ரீச்சர். எங்கட சனம்தான் பங்கருக்குள்ள இருந்தது. என்ட தங்கச்சி அதுக்குப் பிறகுதான் காணாமப் போனா."

நான் அவர் கையைப் பிடித்தேன். வேறு என்ன செய்ய?

மூன்றாம் நாள் மத்தியானம் உர்சுலா அச்சடித்த அறிக்கையைக் கொண்டுவந்தாள். எனக்கு வாசிக்க வசதியாகப் பெரிய எழுத்து. வசனத்தைத் தேடினேன். அது இருந்த இடத்தில், வெளிச் சக்திகளின் ஆக்கபூர்வமான பங்களிப்பை இரு தரப்பும் நன்றியுடன் வரவேற்கின்றன என்று இருந்தது. கீழே சமீரா, யோராம் என்று பெயர்.

சமீரா அதை வாசித்துவிட்டுச் சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்தபடியே தன் பையை மூடத் தொடங்கினாள். ஃபிளாஸ்கை உள்ளே வைத்தாள், சால்வையை மடித்தாள். எனக்குப் பற்றியெரிந்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆலோசகரிடம் கேட்டேன். மொழியைச் சிறிது மென்மையாக்கியிருக்கிறோம், கருத்து ஒன்றுதான் என்றார். இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்ததை மாற்ற நீங்கள் யார் என்றேன். இப்படியொரு வசனம் போனால் அடுத்த வருசம் இந்தக் கூட்டமே நடக்காது என்று உர்சுலா இடையில் வந்தாள், பாவம். நீங்கள் நடுநிலையான ஆள், நீங்கள் வாசித்தால் எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். என் நடுநிலையை இவர்கள் எதற்கு இவ்வளவு தூரம் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தாளுக்கு முத்திரை குத்தத்தான்.

மண்டபத்தில் நிறையப் பேர். மற்ற அறைகளின் ஆட்கள் வாசித்து, கைதட்டு வாங்கி இறங்கினார்கள். எங்கள் முறை. மேடையில் எனக்கொரு கதிரை, பக்கத்தில் ஆலோசகருக்கொரு கதிரை, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சமீராவும் யோராமும். நான் கதிரையில் இருக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஊரில மத்தியஸ்த சபையில இருக்கிறன்" என்றேன். "இணங்காத தரப்புகளை எனக்குத் தெரியும். நேற்று இந்த ரெண்டு பேரும் இணங்கிவிட்டினம். இணங்காதது நடுவில இருக்கிற ஆள். அப்படியொரு வழக்கை நான் இதுவரைக்கும் பார்க்கேல்லை. இந்தத் தாளை நான் வாசிக்க மாட்டன். இந்தக் கதிரையும் எனக்கு வேண்டாம். அவை தங்கட வசனத்தைத் தாங்களே சொல்லுவினம்."

தாளை மடித்து ஆலோசகரின் மடியில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். உர்சுலா வாயில் கைவைத்தபடி நின்றாள். மைக்கை யாராவது நிறுத்திவிடுவார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். சமீரா எழும்பினாள். அவள் தன் பாதியைச் சொல்லவில்லை, யோராமின் பாதியைச் சொன்னாள்: எந்தப் பக்கத்துக்கானாலும் ஆயுதம் கொடுக்கிற நாடு. யோராம் மைக்குக்குக் கிட்ட வந்து அவளுடைய பாதியைச் சொன்னார்: சமாதானக் கதிரையில் இருக்கக்கூடாது. பிறகு ஆங்கிலம் தெரியாத ஊர்ப் பெண்களுக்காக அவள் அதையே அரபியில் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னார். அவள் போனை உயர்த்திப் பிடித்து அந்தக் குரலைப் பதிவு செய்துகொண்டாள்.

முதலில் யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒருவர் தட்டினார். ஏப்ரனோடு ஜீவன். பிறகு கொஞ்சப் பேர் தட்டினார்கள். நிறையப் பேர் தட்டவில்லை, பரவாயில்லை.

ஆலோசகர் தாளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கக் கதவால் போய்விட்டார். நான் சமீராவுக்குப் பக்கத்தில் போய் நின்று, இப்போது நான் ஒரு கதிரையிலும் இல்லை என்றேன். அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து ஃபிளாஸ்கை எடுத்தாள். கோப்பி ஆறிப்போய், கசப்பாய், ஏலக்காய் மணத்தோடு இருந்தது. யோராம் பேரீச்சம்பழப் பெட்டியை நீட்டினார். ஒன்று எடுத்தேன், இன்னும் எடு என்றார், மூன்று எடுத்தேன். இந்த அம்மாவுக்கு மரியாதை தெரியும்போல என்று சமீரா அவரிடம் சொன்னாள்.

அப்போது உர்சுலா வந்தாள். கோபமில்லை, களைத்திருந்தாள். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், எங்கள் அறையைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டாள். வாயில் பேரீச்சம்பழம் இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"இரண்டு தரப்பும் இணங்கியது எண்டு எழுதுங்கோ. மத்தியஸ்தர் சமூகமளிக்கவில்லை எண்டு எழுதுங்கோ."

அவள் குறித்துக்கொண்டாள். ஆனால் பிறகு வெளிவந்த அறிக்கையில் எங்கள் அறையே இல்லை. சமீரா ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அந்தக் குரலைப் பெண்களுக்குப் போட்டுக் காட்டி, எல்லா வீட்டுப் படியும் ஏறினேன் என்று செய்தி அனுப்பினாள். அறிக்கையில் இல்லாததை யாராவது எழுதத்தானே வேண்டும். நான் எழுதிவிட்டேன்.